இல்லாத அணியின் ஹூடி: இரண்டு குளிர்காலம் போட்டுப் பார்த்த பிறகு

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இத்தோடு கிளம்பலாம். துணி நல்ல துணி. எழுத்துகளை அச்சடிக்கவில்லை, வெட்டி வைத்துத் தைத்திருக்கிறார்கள். சாயம் இதுவரை போகவில்லை. அளவு ஒரு சுற்றுச் சிறியது. தலைமூடியின் நாடா மகா தொல்லை. ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். விலை 85 டாலர். சியாட்டில் விற்பனை வரியைச் சேர்த்தால் 94 டாலருக்குச் சில சென்ட்தான் குறைவு.

பொருள் இதுதான்: அடர்பச்சை ஹூடி. நெஞ்சில் மஞ்சள் எழுத்தில், வில்லாக வளைத்து, 'சோனிக்ஸ்'. வேறு படமோ சின்னமோ கிடையாது. 2024 செப்டம்பரில் என் மகளுக்காக வாங்கினேன். அவள் பிறந்தது 2008 ஜூலையில். சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ் கூடைப்பந்து அணிக்கும் இந்த ஊருக்கும் கணக்கு முடிந்ததும் அதே மாதத்தில்தான். ஒரு நாள்கூடக் கண்ணால் பார்த்திராத அணியின் சட்டையைக் கேட்டு ஓராண்டு என்னை நச்சரித்தாள் என்றால், இந்த ஊர்க் காற்றில் ஏதோ இருக்கிறது.

பைக் ப்ளேஸ் மார்க்கெட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஒரு சிறு கடையில் வாங்கினேன். இதே சரக்கு நகரத்தில் பல கடைகளில் தொங்குகிறது. அதனால் கடையை விட்டுவிட்டுத் துணியை மட்டும் பேசுகிறேன்.

அதற்கு முன்னால் ஏமாந்த கதை ஒன்று உண்டு. ஓராண்டுக்கு முன் இணையத்தில் 29 டாலருக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். படத்தில் பார்த்த பச்சை வேறு, பெட்டியைத் திறந்ததும் வந்த பச்சை வேறு. பாசி பிடித்த தொட்டியின் நிறம். எழுத்துகள் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக் தாள். மூன்றாவது சலவையில் வெடித்தன, ஐந்தாவதில் முதல் எழுத்து உதிர்ந்து 'ஓனிக்ஸ்' ஆகிவிட்டது. மகள் அதையும் இரண்டு வாரம் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனாள். விற்றவருக்கு எழுதினேன். சலவை செய்யும் பொருளுக்குப் பணம் திரும்பத் தர முடியாது என்று பதில் வந்தது. சலவை செய்யாத சட்டையை எங்கே போய்த் தேடுவது?

பின்னலாடைத் தொழில் பார்த்த வீட்டில் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டிங் மேசைக்கு அடியில்தான் வீட்டுப்பாடம். ஆகவே இரண்டாவது தடவை கடைக்கு நேரில் போய், விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன் சட்டையை உள்வெளியாகத் திருப்பினேன். கவுண்டரில் நின்ற பையன் விநோதமாகப் பார்த்தான். பார்க்கட்டும். நல்ல துணிக்காரன் முகத்தைப் பார்க்க மாட்டான், முதுகைப் பார்ப்பான்.

உட்புறம் சீவிய ஃப்ளீஸ். பருத்தி 80, பாலியெஸ்டர் 20 என்று சீட்டு சொல்கிறது. சதுர மீட்டருக்கு 350 கிராம் சுமாருக்கு இருக்கும் என்று என் விரல் சொல்கிறது. தோள் இணைப்பில் உள்ளே ஒரு நாடாப் பட்டை வைத்துத் தைத்திருக்கிறார்கள். தொங்கத் தொங்கத் தோள் இழுபடாது. வயிற்றுப் பையின் வாயில் இரண்டு முனையிலும் பார்டேக், அதாவது கிழியாமல் பிடிக்கும் நெருக்கத் தையல், உண்டு. கை ஓர ரிப்பை இழுத்துவிட்டால் சட்டென்று திரும்புகிறது. இரண்டு குளிர்காலம் கழித்தும் திரும்புகிறது, அதுதான் பெரிய விஷயம். உள்ளோரத்தைப் பிடிக்கும் ஓவர்லாக் தையலில் ஓரிடத்தில்கூடப் பல் தவறவில்லை.

எழுத்துகளுக்கு வருவோம். ஆறு எழுத்து. மஞ்சள் ட்வில் துணியை வெட்டி வைத்து, ஓரம் முழுக்க நெருக்கமான ஜிக்ஜாக் தையல். இதில் தையல்காரரின் கை தெரிகிற இடம் ஆங்கில 'என்' எழுத்தின் உள்மூலை. வளைந்த எழுத்துகளில் துணியை மெல்லத் திருப்பிக்கொண்டே போகலாம். அந்தக் கூர்மூலையில் ஊசியை இறக்கி நிறுத்தி, தையல் இயந்திரத்தின் பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். மலிவுச் சரக்கில் அந்த மூலை எப்போதும் மொட்டையாகத்தான் இருக்கும். இதில் ஊசி நின்று திரும்பியிருக்கிறது. ஒரே ஒரு நூல் அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரியை எடுத்தேன். மகள் விடவில்லை. "அது இருக்கட்டும் அப்பா" என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பதினாறு வயதில் நூலுக்கெல்லாம் காரணம் சொல்ல மாட்டார்கள்.

கழுத்துக்குப் பின்னால் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் உரிமச் சீட்டு இருக்கிறது. போலி அல்ல என்பதற்கு அடையாளமாக மினுமினுக்கும் முத்திரையும் உண்டு. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 2008 ஏப்ரலில் சியாட்டிலை விட்டு ஓக்லஹோமா சிட்டிக்கு அணி போகலாம் என்று 28-க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தவர்கள் இந்த லீகின் உரிமையாளர்கள்தான். வேண்டாம் என்ற இரண்டு பேர் டல்லாஸின் மார்க் கியூபனும் போர்ட்லாந்தின் பால் ஆலனும். அனுப்பியும் வைத்தார்கள், போனதன் நினைவுச் சட்டைக்கு முத்திரையும் குத்தித் தருகிறார்கள். வியாபாரம் என்றால் இதுவல்லவா!

நிறத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சையும் மஞ்சளும் தெற்கே இருக்கும் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் நிறங்களும் கூட. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர்களுக்கு அந்தச் சேர்க்கையைக் கண்டாலே ஆகாது. போன நவம்பரில் காய்கறிக் கடை வரிசையில் என் முன்னால் நின்ற ஊதாத் தொப்பிக்காரர் மகளைத் தூரத்தில் பார்த்து முகத்தைச் சுளித்தார். அவள் திரும்பி நெஞ்செழுத்து தெரிந்ததும் அதே முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ஓக்லண்டில் இருந்த 'ஏஸ்' பேஸ்பால் அணிக்கும் பச்சை, பொன்மஞ்சள்தான். அதுவும் 2024-ஆம் ஆண்டோடு ஊரை விட்டுப் போயிற்று. இந்த நிறச் சேர்க்கைக்கு ராசி இல்லையோ என்று என் மனைவி சொல்கிறாள்.

பெயருக்கும் ராசி சொல்ல முடியாது. 1967-இல் அணி தொடங்கியபோது, போயிங் நிறுவனம் ஒலியை விட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டிருந்தது. அதை நினைத்துத்தான் 'சூப்பர்சோனிக்ஸ்' என்று வைத்தார்கள். 1971-இல் அமெரிக்க நாடாளுமன்றம் பணத்தை நிறுத்தியது, விமானம் ஒரு நாளும் பறக்கவில்லை. பறக்காத விமானத்தின் பெயர், இல்லாத அணியின் நெஞ்சில்! ஆனாலும் அந்தப் பெயரோடு 41 பருவங்கள் ஆடினார்கள். 1979-இல் லென்னி வில்கன்ஸ் பயிற்சியில் வாஷிங்டன் புல்லட்ஸை வென்று கோப்பை வாங்கினார்கள். 1996-இல் கேரி பேட்டனும் ஷான் கெம்பும் மைக்கேல் ஜார்டனின் சிகாகோவை இறுதிப் போட்டியில் ஆறாவது ஆட்டம் வரை இழுத்துச் சென்றார்கள்.

இந்த ஹூடியை இன்று கடையில் தொங்கவிட முடிவதற்குக் காரணம் ஒரு வழக்குத் தீர்வு. வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டார்பக்ஸ் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் தலைமையிலான குழு 2006-இல் அணியை 350 மில்லியன் டாலருக்கு ஓக்லஹோமாவைச் சேர்ந்த கிளே பென்னட் குழுவுக்கு விற்றது. அதே ஆண்டு நவம்பரில் சியாட்டில் மக்கள், தொழில்முறை அணிகளுக்கு நகரப் பணத்தை வாரிக் கொடுக்கக் கூடாது என்று பெரும் பெரும்பான்மையில் வாக்களித்தார்கள். பக்கத்து ரென்டன் நகரில் 500 மில்லியன் டாலர் அரங்கம் கட்டித்தரும்படி பென்னட் கேட்டார். மாநிலச் சட்டமன்றம் மறுத்தது. உரிமையாளர்களில் ஒருவர், ஆப்ரி மெக்லெண்டன், சியாட்டிலில் வைத்திருப்பதற்காக நாங்கள் அணியை வாங்கவில்லை என்று செய்தித்தாளிடமே சொல்லி, லீகிடம் 2,50,000 டாலர் அபராதம் கட்டினார். சோனிக்ஸ் ஆடிய கீ அரீனா அரங்கத்தின் குத்தகை 2010 வரை இருந்தது. அதைக் காட்டி நகரம் வழக்குப் போட்டது. 2008 ஜூலை 2 அன்று, நீதிபதி தீர்ப்புச் சொல்லவிருந்த வேளையில், இரு தரப்பும் கைகுலுக்கின. நகரத்துக்கு 45 மில்லியன் டாலர். அணி உடனே போகலாம். பெயரும் நிறமும் மட்டும் இங்கேயே இருக்கும், அடுத்து வரும் அணிக்காக.

மகளுக்கு இதை விளக்கியபோது, வீட்டை விற்றுவிட்டுக் கதவு எண்ணை மட்டும் கழற்றி வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றாள். அதே மாதிரிதான்.

ஊரில் எல்லோரும் திருட்டுப் போனது என்றுதான் சொல்வார்கள். சோனிக்ஸ் சட்டை போட்டவரிடம் அதை மறுத்துப் பேசினால் பஸ் நிறுத்தம் தாண்டியும் பேச்சு முடியாது. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பென்னட் குழு ஆரம்பத்திலிருந்தே ஓக்லஹோமாவை மனத்தில் வைத்திருந்தது என்பதில் சந்தேகம் கிடையாது. ஆனால் கோடீசுவரர்களின் அரங்கத்துக்கு எங்கள் வரிப்பணம் கிடையாது என்று இந்த ஊர் சொன்னதும் உண்மை, அது தவறில்லை என்பதும் என் கட்சி. அப்போது எனக்கு வாக்குரிமை இல்லை. இருந்திருந்தால் நானும் அப்படித்தான் குத்தியிருப்பேன். அந்தப் பிடிவாதத்துக்கு விலையாக ஓர் அணியைக் கொடுத்தோம். கொடுத்தோம் என்று சொல்ல நா எழாததால் திருடினார்கள் என்கிறோம்.

நான் சோனிக்ஸை நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. 2007-08 பருவத்தில், அலுவலக நண்பர் ஒருவர் மிச்சமிருந்த டிக்கெட்டை நீட்டியதால். அந்தப் பருவத்தில் 20 ஆட்டம் ஜெயித்து 62 தோற்றார்கள். 19 வயதுக் கெவின் டூரண்ட், கொக்குக்குக் கால் முளைத்தது போல இருந்தார். அவரைத் தவிர வேறு எதுவும் எனக்கு நினைவில் நிற்கவில்லை. ஏப்ரல் 13 அன்று கடைசி உள்ளூர் ஆட்டத்துக்கு அதே நண்பர் கூப்பிட்டார். மனைவிக்கு ஆறாம் மாதம். குத்தகைதான் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறதே, அடுத்த பருவம் போகலாம் என்று சொல்லிவிட்டேன். டல்லாஸை 99-95 என்று ஜெயித்தார்கள். "எங்கள் சோனிக்ஸைக் காப்பாற்றுங்கள்" என்று அரங்கமே கத்தியதையும், டூரண்ட் கையை உயர்த்தி இன்னும் கத்துங்கள் என்று கூட்டத்தைத் தூண்டியதையும் மறுநாள் தொலைக்காட்சியில் பார்த்தேன். மகளிடம் இந்தப் பகுதியை இதுவரை சொன்னதில்லை. டூரண்டைப் பார்த்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். "நிஜமாகவா அப்பா?" என்று அவள் கண் விரிந்த நேரத்தில் மீதியைச் சொல்ல மனம் வரவில்லை.

சட்டைக்குத் திரும்புகிறேன். முதல் வெள்ளோட்டம் 2024 அக்டோபர், க்ளைமேட் ப்ளெட்ஜ் அரீனாவில் (பழைய கீ அரீனாதான், புதுப்பித்த பிறகு இந்தப் பெயர்). லாஸ் ஏஞ்சலிஸ் க்ளிப்பர்ஸும் போர்ட்லாந்து ட்ரெயில் ப்ளேசர்ஸும் மோதிய முன்பருவ ஆட்டம். வெளியே தூறல், உள்ளே வெக்கை. இந்தக் கனத் துணி தூறலுக்கு அருமை; கால் மணி நேரம் வரை உள்ளே இறங்கவில்லை. அரங்கத்துக்குள் இரண்டாவது கால்பகுதியில் மகளுக்கு வியர்த்துக் கொட்டியது. கழற்றவில்லை. கழற்றினால் கூட்டத்தோடு சேர மாட்டாளே. ஆடிய இரண்டு அணியின் நிறத்தையும் விடப் பச்சை-மஞ்சள்தான் அன்றைக்கு அதிகம். 90-களில் வாங்கி வெளுத்துப்போன சட்டைகள், பேட்டனின் 20, கெம்பின் 40. எங்கள் வரிசையில் இருந்த ஒரு பெரியவரின் சட்டை, பச்சையும் சாம்பலும் கலந்த ஏதோ ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. தன் சட்டையின் கையை மகளின் கைப்பக்கம் வைத்து ஒப்பிட்டு, "புதிதாக இருந்தபோது இதே பச்சை" என்றார். கடைக்காரர் சொல்வதை விட எனக்கு அந்தச் சான்றிதழ் போதும்.

க்ளிப்பர்ஸின் உரிமையாளர் ஸ்டீவ் பால்மர் யார் என்று மகளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2013-இல் அவரும் கிறிஸ் ஹான்சனும் சேர்ந்து சாக்ரமெண்டோ கிங்ஸை வாங்கி இங்கே கொண்டுவரப் பார்த்தார்கள். லீகின் உரிமையாளர்கள் 22-க்கு 8 என்று தடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே பால்மர் 2 பில்லியன் டாலருக்கு க்ளிப்பர்ஸை வாங்கினார், லாஸ் ஏஞ்சலிஸிலேயே வைத்துக்கொண்டார். அந்த 2013-ஐ இந்த ஊர் பெருமையாக நினைப்பது எனக்குப் பிடிக்காது. நமக்குச் செய்ததை நாம் சாக்ரமெண்டோவுக்குச் செய்யக் கிளம்பினோம். அங்கேயும் ஒரு பதினாறு வயதுப் பெண் இருந்திருப்பாள், ஊதா ஹூடியோடு.

2016-இல் இன்னொரு தடுக்கல். ஹான்சன் கட்ட நினைத்த அரங்கத்துக்காக ஆக்சிடென்டல் அவென்யூ என்ற தெருவின் ஒரு துண்டை விட்டுக்கொடுக்க முடியாது என்று நகர மன்றம் 5-க்கு 4 என்று முடிவெடுத்தது. வேண்டாம் என்ற ஐந்து பேரும் பெண்கள். அதற்காக அவர்களுக்கு வந்த வசவுகளை அந்த வாரச் செய்தித்தாளில் படித்துவிட்டு, சோனிக்ஸ் என்று எழுதிய எதையும் வீட்டுக்குள் விடக்கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டாள். ஏழு வருடம் அந்த உத்தரவு நின்றது. மகளுக்காகத் தளர்ந்தது.

கடைசியில் அரங்கம் வந்தது, தனியார் பணத்தில், ஒரு பில்லியன் டாலருக்கு மேல் செலவில். கீ அரீனாவின் கூரை 1962 உலகக் கண்காட்சிக்குக் கட்டியது, பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் இடிக்கக் கூடாது. எனவே 44 மில்லியன் பவுண்டு எடையுள்ள கூரையை அப்படியே தாங்கு தூண்களில் நிறுத்திவைத்துவிட்டு, அடியில் தோண்டி, 2021 அக்டோபரில் புதிய அரங்கத்தைத் திறந்தார்கள். உள்ளே போனதும் படிக்கட்டு மேலே போகாது, கிணற்றில் இறங்குவது போலக் கீழே போகும். வரிப்பணம் தராமலே நல்ல அரங்கம் கிடைக்கும் என்பது 13 வருடம் கழித்து நிரூபணமானது. அணிதான் கையில் இல்லை.

கையில் இல்லை என்று நான் சொன்னபோது மகள் திருத்தினாள். "ஸ்டார்ம் இருக்கிறதே, அப்பா."

சரிதான். சியாட்டில் ஸ்டார்ம் பெண்கள் அணி இதே அரங்கத்தில்தான் ஆடுகிறது. பென்னட் குழு வாங்கியபோது இரண்டு அணியும் ஒரே மூட்டையில் இருந்தன. 2008-இல் உள்ளூர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து 10 மில்லியன் டாலருக்கு ஸ்டார்மை வாங்கி ஊரிலேயே நிறுத்திவிட்டார்கள். 2004, 2010, 2018, 2020 என்று நான்கு கோப்பை. சோனிக்ஸ் 41 பருவத்தில் வாங்கியது ஒன்று. ஸ்டார்முக்கும் அதே பச்சை, அதே மஞ்சள். நான் ஹூடி வாங்கிய கடையில் போனவர்களுக்கு ஒரு சுவர் முழுக்க இடம். இருக்கிறவர்களுக்கு மூலையில் ஒரு கம்பி, அதில் ஏழெட்டுச் சட்டை. கடையில் நிற்கும்போது எனக்கு அது உறைக்கவில்லை. மகள் சொன்ன பிறகு அடுத்த தடவை போய் எண்ணிப் பார்த்தேன். ஸ்டார்ம் சட்டையும் ஒன்று வாங்கினோம், 40 டாலர், மெல்லிய துணி, அச்சு எழுத்து. அதற்குத் தனியாக எழுதுகிறேன்.

2025 ஜூன் 22 ஞாயிற்றுக்கிழமை, ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானாவை வென்று கோப்பையைத் தூக்கியது. அன்று காலையிலேயே ஹூடி சலவை இயந்திரத்துக்குள் போயிற்று. திட்டமிட்டதா, தற்செயலா என்று நான் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்தபோது அது கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மகள் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவர்கள் நன்றாகத்தான் ஆடினார்கள் என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். 2008-இல் வயது வந்தவர்களாக இருந்த யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை.

சலவைக் குறிப்பு: உள்வெளியாகத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், அடர்நிறத் துணிகளோடு போடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தில் போடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டேன். நீளம் முக்கால் அங்குலம் ஏறியது, இறங்கவே இல்லை. சுமார் முப்பது சலவைக்குப் பிறகு நிலவரம்: எழுத்து ஒன்றும் அசையவில்லை. முழங்கையில் லேசாகப் பந்து கட்டியிருக்கிறது. உள் ஃப்ளீஸ் ஆரம்ப மென்மையை இழந்துவிட்டது, சூடு குறையவில்லை. அந்த 'என்' மூலை நூல் இன்னும் அதே அரை அங்குலம்.

அளவு விஷயத்தில் ஏமாறாதீர்கள். மீடியம் போடுகிறவர்கள் லார்ஜ் வாங்குங்கள், அதுவும் சட்டைக்கு மேல் போடுவதாக இருந்தால் கண்டிப்பாக. தோள் சரியாக இருக்கும், நெஞ்சுச் சுற்றளவுதான் குறைவு. கடையில் போட்டுப் பார்க்கும்போது கையை முன்னால் நீட்டிப் பாருங்கள். எழுத்துகள் தைத்த பட்டை இழுபடாது, அதனால் முதுகில் பிடிக்கும்.

இப்போது வாங்கலாமா, பொறுக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். விரிவாக்கம், அதாவது லீகில் புது அணிகளைச் சேர்ப்பது, குறித்து 2026-இல் முடிவெடுப்போம் என்று லீகின் ஆணையர் ஆடம் சில்வர் 2025 டிசம்பரில் சொன்னார். சியாட்டிலும் லாஸ் வேகஸும் பேச்சில் இருக்கின்றன. அணி வந்தால் இதே பெயரில் புதுச் சட்டைகள் வரும், நெஞ்சில் ஏதாவது ஒரு நிறுவனத்தின் விளம்பரச் சீட்டும் சேர்ந்தே வரும். விலை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழைய மாதிரி பிடித்திருந்தால் இப்போதே வாங்கிவிடுங்கள். எனக்கு ஓர் அளவு பெரிதாக ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், சீட்டுகூடக் கிழிக்கவில்லை. முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு இந்தத் தடவை யார் கூப்பிட்டாலும் போய்விடுவதாக இருக்கிறேன்.

இனி நாடா. குறைத்த ஒரு நட்சத்திரம் முழுக்க அதற்குத்தான். முனையில் உலோக மூடியோ கனமான முடிச்சோ இல்லை. வெட்டி, லேசாக உருக்கி விட்டிருக்கிறார்கள். சலவைக்கு ஒரு தடவை ஒரு பக்கம் உள்ளே ஓடி ஒளிந்துகொள்கிறது. 94 டாலர் வாங்கியவர்கள் பத்து சென்ட் மூடி ஒன்று போட்டிருக்கலாம். முனையில் ஊக்கைக் குத்தி, பாவாடை நாடா கோப்பது போல இஞ்ச் இஞ்சாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டுவிடுங்கள், ஒற்றை முடிச்சு போதாது. என் மனைவி போட்ட முடிச்சு பதினோரு சலவையாக நிற்கிறது.